எங்கள் கைபேசிக்குள் நீங்களும் வாருங்கள்: திருகோணமலை மாவட்ட மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் கடமையில் இருப்பவர்களுக்கும், கந்தளாய், மூதூர், கிண்ணியா, புல்மோட்டை வைத்தியசாலைகளில் இருப்பவர்களுக்கும், எம்.ஓ.எச். எனும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும், பின்னேரம் தனியார் கிளினிக்குகளில் நோயாளர் பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சித்த மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நகரில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். உங்கள் கையெழுத்தோடு வரும் மருந்துத் துண்டுகளை வாசிப்பதுதான் என் அன்றாட வேலை. இந்தச் சில வருடங்களாக ஆட்கள் துண்டோடு கைபேசியையும் நீட்டத் தொடங்கிவிட்டார்கள். சிலர் துண்டே இல்லாமல் கைபேசியை மட்டும் நீட்டுகிறார்கள். யாரோ அனுப்பிய மருந்துப் பெட்டியின் படம், பாதியில் நிறுத்தி வைத்த யூடியூப் காணொளி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவு. "இதில சொல்லுற மருந்து இருக்கா?" என்று கேட்கிறார்கள்.

உங்களிடம் வருபவர்களும் இதே ஆட்கள்தான். ஆனால் உங்கள் முன்னால் கைபேசியை எடுக்கத் துணிவதில்லை. எடுத்த சிலர், "எல்லாம் போன்ல பார்த்தா என்னட்ட ஏன் வந்தீங்க?" என்று ஏச்சு வாங்கிய கதையை எங்களிடம் வந்து சொல்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இணையத்தைப் பார்க்காதே என்று சொல்வதை விடுங்கள். யாரும் பார்க்காமல் இருக்கப்போவதில்லை. அவர்கள் பார்க்கிற இடத்துக்கு நீங்கள் வாருங்கள். தமிழில், உங்கள் பெயரைச் சொல்லி, திகதியைச் சொல்லிப் பேசுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். போன மாரியில் குச்சவெளிப் பக்கமிருந்து ஒரு தகப்பன் வந்தார். மழையில் நனைந்த சேட்டோடு, மூச்சு வாங்க நின்றார். மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், பனடோல் கொடுத்தும் இறங்கவில்லை. கைபேசியில் ஒரு காணொளி. குழந்தைக்குப் பின்பக்கம் வைக்கும் டைக்ளோபெனாக் மருந்தைக் காட்டி, அரை மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கிவிடும் என்கிறார் ஒருவர். "தம்பி, இதில ஒண்டு தாங்க. பிள்ளை அனத்துது" என்றார் அவர்.

அந்தக் காணொளி பொய் சொல்லவில்லை. டைக்ளோபெனாக் காய்ச்சலை இறக்கும்தான். ஆனால் அதில் பேசியவருக்கு எங்கள் மாவட்டத்தில் மாரி காலத்துக் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரியாது. டெங்குவாக இருந்தால் டைக்ளோபெனாக், இபுபுரோபென், அஸ்பிரின் எதையும் தொடக்கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும், உயிருக்கே ஆபத்து. "ரத்தம் சோதிச்சீங்களா அண்ணா?" என்று கேட்டேன். இல்லை. மருந்து கொடுக்காமல், இதே ஆட்டோவில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். முகம் சுருங்கிப் போனார், ஆனால் போனார். பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கவும் முடியும். அந்த நேரத்தில் அவருடைய கைபேசியில் இந்த மாவட்டத்து டொக்டர் ஒருவரின் குரல் இருந்திருந்தால், அவர் என்னைத் தேடி வந்திருக்கவே தேவையில்லை.

டெங்குவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரில் இணையம் அதிகம் குழப்பி வைத்திருப்பது இதைத்தான். ஒவ்வொரு மாரிக்கும் பப்பாளி இலைச் சாறு பற்றிய செய்தி ஒரு சுற்று வரும். குடித்தால் இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஏறும், ஆஸ்பத்திரி தேவையில்லை என்று. பிளேட்லெட் கொஞ்சம் ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. உயிரைக் காப்பாற்றும் என்று நிறுவப்படவில்லை. ஆனால் சனங்கள் எல்லோரும் பிளேட்லெட் இலக்கத்தையே பார்த்துக்கொண்டு இருப்பதுதான் பெரிய கோளாறு. டெங்குவில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிவது. அது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் தொடங்கி, ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சுகமாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகப் படுக்கும் இரவுதான் ஆபத்தான இரவு. வயிற்று வலி, நிற்காத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், சோர்ந்து சோர்ந்து தூங்குதல். இந்த அறிகுறிகளை நீங்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பப்பாளிச் சாறு எப்படி அரைப்பது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த அறிகுறிகளைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

2017ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள், 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் மார்ச் மாதத்தில் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு காய்ச்சல். அப்போதைவிட இப்போது எங்கள் கைகளில் கைபேசி அதிகம். அதில் வரும் சேதி மட்டும் நல்லதாகவில்லை.

சரி, ஆட்கள் ஏன் தேடுகிறார்கள்? இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். பெரும்பாலான தேடல் கிளினிக் கொப்பியில்தான் தொடங்குகிறது. மாதாமாதம் கிளினிக்குக்கு வரும் ஒரு வயதான அம்மாவின் கொப்பியைத் திறந்தால் டி.எம்., எச்.டி., டி.எல். என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும், சீனி, பிரசர், கொழுப்பு என்பவற்றின் சுருக்கம். கீழே மருந்துகளின் பெயர்கள், அதற்கும் கீழே ஒரு திகதி. அவரிடம் "உங்களுக்கு என்ன வருத்தம் அம்மா?" என்று கேட்டால் "தெரியாது ராசா, குளிசை தந்திருக்கினம்" என்பார். வீட்டில் பேத்தி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூகுளில் அடித்துப் பார்க்கிறாள். அங்கே என்ன வருகிறதோ அதுதான் அம்மம்மாவின் வருத்தம் என்றாகிவிடுகிறது. ஒரு காலையில் உங்கள் மேசையில் எத்தனை கொப்பிகள் அடுக்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எல்லோருக்கும் இருந்து விளக்க நேரமில்லை என்பதும் தெரியும். தமிழ் தெரியாத மருத்துவர்கள் இங்கே கடமைக்கு வந்து, உதவியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசுவதையும் பார்க்கிறேன். அவர்களில் தாங்களாகவே தமிழ் கற்றுக்கொண்டு "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்பவர்களும் உண்டு, அந்த டொக்டர்மாரைப் பற்றி ஆட்கள் எவ்வளவு பாசமாகப் பேசுகிறார்கள் தெரியுமா? கொப்பியில் வருத்தத்தின் பெயரைத் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லி ஒரு தாதியிடமாவது பொறுப்புக் கொடுங்கள். பாதித் தேடல் குறைந்துவிடும்.

அப்படித் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது என்ன என்பதற்கு மெட்போமின் ஒன்றே போதும். சீனி வருத்தத்துக்கு நீங்கள் எழுதும் அந்தக் குளிசை சிறுநீரகத்தைத் தின்றுவிடும் என்று சொல்லும் காணொளிகள் தமிழில் எவ்வளவோ. பார்த்துவிட்டுக் குளிசையை நிறுத்துகிறார்கள். நிறுத்தியதை உங்களிடம் சொல்வதில்லை. கிளினிக் மருந்தை வாங்கி வீட்டில் அடுக்கி வைக்கிறார்கள். இந்தப் பொய்க்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே மோசமாகப் பழுதடைந்தவருக்கு நீங்கள் மெட்போமினைக் குறைப்பீர்கள் அல்லது நிறுத்துவீர்கள். அதைக் கேட்ட யாரோ ஒருவர், மெட்போமின்தான் பழுதாக்கியது என்று திருப்பிச் சொல்லிவிட்டார். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சீனியும் பிரசரும் என்பது அந்தக் காணொளியில் வராது. இதே ஆட்கள் முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக்கை நாள்கணக்கில் கேட்டு வாங்குகிறார்கள். சிறுநீரகத்துக்கு உண்மையிலேயே ஆகாதது அதுதான் என்று நான் சொன்னால், "இல்ல தம்பி, அது நல்ல மருந்து" என்கிறார்கள்.

சிறுநீரகம் என்றால் எங்கள் மாவட்டத்தில் பயம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. பதவிசிறிபுரப் பக்கம் காரணம் உறுதியாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களை வாட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. நியாயமான பயத்துக்கு யாரும் நியாயமான பதில் சொல்லாத இடத்தில்தான் வியாபாரி நுழைகிறான். சிறுநீரகத்தைக் கழுவும் மூலிகைப் பொடி, வீட்டுக்கே அனுப்புகிறோம், பணம் பொருள் கிடைத்த பிறகு என்று.

சித்த மருத்துவர்களிடம் சொல்ல வேண்டியது இங்கேதான் வருகிறது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் முறையாகச் சித்த மருத்துவம் படித்து வெளியே வருகிறீர்கள். ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்கிறீர்கள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் இணையத்தில் கண்டதையும் விற்கிறார்கள். ஸ்டார் ஃப்ரூட் என்று சந்தையில் விற்கும் தமரத்தங்காயைச் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் சீனி இறங்கும் என்று ஒரு காணொளி சுற்றுகிறது. அந்தக் காயில் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் ஒக்சலேட் அதிகம். நிறையக் குடித்தவர்களின் சிறுநீரகம் செயலிழந்ததை இலங்கை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமாக உள்ள சீனி நோயாளருக்கு அது நஞ்சு. இது சித்த மருத்துவம் இல்லை என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ஆங்கில மருத்துவர் சொன்னால், மூலிகையைப் பிடிக்காமல் சொல்கிறார் என்பார்கள்.

இன்னொரு சிக்கல் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்களுக்குத் தமிழில் கிடைக்கும் மருத்துவக் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவற்றில் மிக நல்ல மருத்துவர்கள் பேசுகிறார்கள். நானே கேட்டுப் படித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் அவர்களுடைய நாட்டுக்குப் பேசுகிறார்கள். அம்புலன்ஸுக்கு 108ஐ அழைக்கச் சொல்கிறார்கள், எங்களுக்கு 1990. தடுப்பூசி அட்டவணையே வேறு. இங்கே சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியை 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறோம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி 12 மாதத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இந்தியாவில் அது அந்த நோய் பரவும் மாவட்டங்களுக்குத்தான். 2017இலிருந்து ஆறாம் ஆண்டு மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகிறது. "இந்தியாவில போடாத ஊசியை எங்கட பிள்ளைக்கு ஏன் போடுறாங்க?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. பார்த்த காணொளியையும் கையிலிருந்த பிள்ளை வளர்ச்சி அட்டையையும் ஒப்பிட்டுத்தான் கேட்டார். எங்கள் நாட்டு அட்டவணை ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்லும் தமிழ்க் குரல் ஒன்று அவர் கைக்கு எட்டவில்லை.

பாம்புக் கடியும் அப்படித்தான். தம்பலகாமத்திலும் வெருகலிலும் வயலில் நிற்பவர்களுக்கு, கடித்த இடத்தைக் கீறு, வாயால் உறிஞ்சு, இறுக்கிக் கட்டு என்று சொல்லும் காணொளிகள் போய்ச் சேர்கின்றன. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்பது போய்ச் சேரவில்லை.

ஆட்கள் ஏன் உங்களை நம்பாமல் யாரோ ஒருவரை நம்புகிறார்கள் என்று நீங்கள் வருத்தப்படுவது நியாயம். ஆனால் காரணங்கள் உண்டு. 2022இல் டொலர் இல்லாமல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, உங்கள் துண்டோடு கடை கடையாக ஏறி இறங்கியவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத ஊசி விவகாரம் வெளியே வந்து, சுகாதார அமைச்சராக இருந்தவரே கைதாகும் வரை போனது. அதற்கு முன் 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் சேர்ந்த பாணி கொரோனாவைக் குணமாக்கும் என்று சொல்லி, கேகாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் அதைப் பகிரங்கமாகவே அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று வந்தது. மேலே இருப்பவர்களே இப்படி நடந்தால் சனங்கள் யாரைப் பிடித்துக்கொள்வார்கள்? தெரிந்த முகத்தைத்தான். அத்தான் அனுப்பினார், மச்சாள் அனுப்பினா, பள்ளிக்கூட ரீச்சர் அனுப்பினார் என்றால் நம்புகிறார்கள். தெரிந்த முகம் என்ற அந்த இடம் உங்களுக்கும் உண்டு. எங்கள் பிள்ளைகள் பிறக்கும்போது பிரசவம் பார்த்தவர்கள் நீங்கள்.

நல்ல தளம் எது என்று முத்திரை குத்திக் காட்டும் முயற்சி உலகில் நடந்திருக்கிறது. ஜெனீவாவில் ஹெல்த் ஒன் த நெட் என்ற அமைப்பு 1990களிலேயே தொடங்கி, எழுதியவர் யார், ஆதாரம் என்ன, திகதி என்ன, பணம் யாருடையது என்று பார்த்துத் தளங்களுக்குச் சான்று கொடுத்தது. 2022 முடிவோடு அதுவும் நின்றுவிட்டது. அவர்கள் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் சரியானவை. எங்கள் கடைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பதும் அவற்றைத்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் கைமாறும் குரல் பதிவுக்கு யார் முத்திரை குத்துவது? இப்போது செயற்கை நுண்ணறிவிடமும் கேட்கிறார்கள். அழகான தமிழில், தயக்கமே இல்லாமல் பதில் வருகிறது. சரியான பதிலும் பிழையான பதிலும் ஒரே தொனியில் வருவதால், எது எது என்று படித்தவர்களுக்கே பிடிபடுவதில்லை.

பிழையான மருத்துவச் செய்தி உடம்பை மட்டும் கெடுத்தால் ஒரு கணக்கு. எங்கள் மாகாணத்தில் அது ஊரையே எரித்திருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டுக்குள் மலட்டுக் குளிசை கலந்திருக்கிறது என்று காணொளியோடு கதை பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாக்கட்டி என்று அறிவித்தார். சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. அன்றிரவே ஒரு மருத்துவர், சிங்களத்திலும் தமிழிலும், இந்த ஒரு வசனத்தைத் தன் முகத்தோடு சொல்லி ஒவ்வொரு கைபேசிக்கும் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஆஸ்பத்திரி வாங்கில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் திருகோணமலையில் இது சின்ன விஷயமில்லை.

அதனால் என்ன செய்யலாம்? பெரிய செலவுள்ள எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு எம்.ஓ.எச். பிரிவிலும் ஒரு மருத்துவர், ஒரு நிமிடக் குரல் பதிவு. "நான் இன்னார், இன்ன இடத்தில் கடமையாற்றுகிறேன், இன்றைக்கு இன்ன திகதி" என்று தொடங்க வேண்டும். திகதி மிக முக்கியம். கொரோனா காலத்துப் பழைய பதிவுகள் இன்னும் புதிதுபோலச் சுற்றுகின்றன. எங்கள் பேச்சில் பேசுங்கள். மூதூரில் ஒரு உம்மா கேட்டாலும் சாம்பல்தீவில் ஒரு ஆச்சி கேட்டாலும் விளங்க வேண்டும். எப்போது வீட்டில் இருக்கலாம், எப்போது ஓடி வர வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பரப்புவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தர்களிடம் ஒவ்வொரு கிராமத்துத் தாய்மாரின் தொடர்பும் இருக்கிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், மீனவர் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் பிள்ளைகள் பதிவு செய்து தர ஆயத்தமாகவே இருப்பார்கள், கேட்டால் போதும்.

அப்புறம், ஒருவர் உங்கள் முன்னால் கைபேசியை எடுத்தால், ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். அவர் உங்களைச் சோதிக்கவில்லை. பயத்தில் எடுக்கிறார். "இது சரி, இது பிழை, இது உங்களுக்குப் பொருந்தாது" என்று மூன்றில் ஒன்றைச் சொன்னால் அவர் வீட்டுக்குப் போய் அதையே பத்துப் பேருக்குச் சொல்வார். ஏசி அனுப்பினால் அடுத்த முறை அவர் உங்களிடம் காட்டாமல் நேரே என்னிடம் வருவார், மருந்தைக் கேட்டு.

எங்கள் பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டியது உண்டு. துண்டில்லாமல் வலி மருந்தும் அன்டிபயோட்டிக்கும் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதை மறைக்க மாட்டேன், அது நிற்க வேண்டும். உங்கள் குரல் பதிவுகளைக் கடைக்கு வருபவர்களின் கைபேசிக்கு அனுப்பிவைக்கும் வேலையை எங்களிடம் தாருங்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் டெங்குப் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பனடோலைக் கொடுப்போம்.

மாரி ஒக்டோபரில் தொடங்கிவிடும். டெங்குவுக்கான முதல் பதிவு அதற்கு முன் எங்கள் கைக்கு வர வேண்டும். காய்ச்சல் இறங்கும் நாளைப் பற்றி, டைக்ளோபெனாக்கைப் பற்றி, எந்த அறிகுறி கண்டால் 1990ஐ அழைக்க வேண்டும் என்பதைப் பற்றி. ஒரு நிமிடம் போதும், டொக்டர்.

இப்படிக்கு,
திருகோணமலை நகரில் ஒரு பார்மசி ஊழியர்